மூக்கடைப்பும் தலைச்சுற்றும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் சுகாதாரக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! தொழிலாளத் தோழர்களே! என்னைப்போல் பேனா பிடித்துப் பிழைக்கும் கிராணி நண்பர்களே! 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அறிவித்தபோது சிலர் சிரித்தீர்கள். "மூக்கடைப்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று ஒரு தோழர் கேட்டதும் என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். மூக்கடைப்பு யாருக்குத்தான் வரவில்லை? மழைக்காலம் வந்தால் லயத்துக்கு லயம் தும்மல் சத்தம். அதற்கு ஒரு பேச்சா? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தால் ஒரு மனிதருடைய கை முறிந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. விடியற்காலைப் பெரட்டு. இருபது ஆண்டுகளுக்குமேல் மரம் சீவிய அண்ணன் ஒருவர் என் முன்னே வந்து நின்றார். "கிராணி ஐயா, நாலு நாளா மூக்கடைப்பு. காது ரெண்டும் அடைச்ச மாதிரி இருக்கு. எழுந்தா தலை சுத்துது" என்றார். பக்கத்தில் நின்ற மண்டோர், "சளிக்கெல்லாம் லீவு கேட்டா தோட்டத்தை மூடிட வேண்டியதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போங்கண்ணே, வேர்த்தா சரியாப் போயிடும். போகலேன்னா ஆப்சென்ட்டுதான் போடணும்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டு நிரைக்குப் போனார்.

பொழுது விடிவதற்குள் ஆள் ஓடி வந்தது. சரிவில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விபத்துத் தாளில் என் கையாலேயே எழுதினேன்: "பாசி வழுக்கி விழுந்தார்." அது பொய்யில்லை; பாசி இருந்தது. ஆனால் அது பாதி உண்மை. மாலையில் அவர் மனைவி ஆபீசுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தலை சுத்துதுன்னு சொன்னாராமே ஐயா, உங்க காதுல விழலையா?"

விழுந்தது, தோழர்களே. என் காதில் விழுந்தது. நான்தான் கேட்கவில்லை. அந்த அண்ணன் அனுமதி கொடுத்ததால்தான் இதைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் டாக்டரையும் நம் டிரெஸரையும் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். நான் வைத்தியன் அல்லன். தெரிந்துகொண்டதை உங்களோடு பங்கிட்டுக்கொள்கிறேன்.

மூக்குக்கும் காதுக்கும் ஒரு வழி

மூக்கு ஓரிடத்தில் இருக்கிறது. காது ஓரிடத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. உள்ளே ஒரு பாதை இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் சிறு குழாய் அது. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து மூடும். அப்படித் திறக்கும்போது நடுக்காதுக்குள் காற்று போகிறது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போயிருக்கிறவர்களுக்கு இது தெரியும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. லோரியோ பஸ்ஸோ வளைந்து வளைந்து ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். அந்தக் குழாய் செய்கிற வேலைதான் அது.

சளி பிடித்தால் மூக்கின் உட்புறத் தோல் வீங்குகிறது. அதே தோல்தான் குழாயின் வாயிலும் படர்ந்திருக்கிறது, அதுவும் வீங்குகிறது. குழாய் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றைக் காதின் உட்புறத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. புதுக் காற்று வர வழியில்லை. செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. சில வேளை நீரும் கோத்துக்கொள்கிறது. காது அடைத்தாற்போல் இருப்பதும், பிறர் பேசுவது தூரத்தில் கேட்பதுபோல் இருப்பதும், தன் குரலே தனக்கு முழங்குவதும் இதனால்தான்.

நிற்க. காது அடைத்தால் தலை ஏன் சுற்றவேண்டும்?

மூன்று சாட்சிகள்

காது கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். நடுக்காதுக்கும் உள்ளே, எலும்புக்குள் புதைந்து இன்னொரு காது இருக்கிறது. அங்கே வளையம் வளையமாக மூன்று குழல்கள், அவற்றுக்குள் நீர். தலையைத் திருப்பினால் அந்த நீர் அசைகிறது. அந்த அசைவை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. நாம் விழாமல் நிற்பது இதனால்தான்.

இந்த உட்காதைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட கதை சுவையானது. வியன்னா நகரில் ராபர்ட் பாரனி என்ற காது வைத்தியர் இருந்தார். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் போதிய சூடாக இல்லாதபோதுதான் சுற்றுகிறது என்று ஒரு நோயாளி குறை சொன்னார். வேறொருவராக இருந்தால் "சும்மா இரும்" என்று அதட்டியிருப்பார். பாரனி யோசித்தார். குளிர்ந்த நீரையும் சுடுநீரையும் மாற்றி மாற்றிப் பீய்ச்சிப் பார்த்தார். குளிர்ந்த நீருக்குக் கண் ஒரு பக்கமாகத் துடித்தது. சுடுநீருக்கு மறுபக்கமாகத் துடித்தது. உட்காதின் நீர் அசைவதால்தான் தலை சுற்றுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. 1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். ஒரு நோயாளியின் முணுமுணுப்புக்குக் காது கொடுத்ததால் வந்த பரிசு அது! நானோ பெரட்டில் ஒரு தொழிலாளியின் வாக்கைச் சிரித்துத் தள்ளினேன்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. கண் ஒரு சாட்சி. உட்காது ஒரு சாட்சி. பாதமும் மூட்டும் ஒரு சாட்சி. மூன்றும் ஒரே சொல் சொன்னால் வழக்கு இல்லை. ஒன்று மாற்றிச் சொன்னால் மூளை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே தலைச்சுற்று.

இப்போது நம் வேலைக்காட்டை எண்ணிப் பாருங்கள். பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த வேளையில் என்பதால் இருட்டோடு போகிறோம். இருட்டில் கண் என்ற சாட்சி பாதி போய்விட்டது. தலைவிளக்கு காட்டும் வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மழை பெய்த சரிவில் பாதம் என்ற சாட்சியும் நிச்சயமில்லை. மிச்சமிருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதும் சளியால் பொய் சொன்னால் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சிறு தொல்லை. மேட்டு நிரையில் கூரான கத்தியோடு நிற்பவருக்கு அது ஆபத்து.

நான்கு வழிகள்

மூக்கடைப்பு நேராகவே உலகம் சுழலும்படிச் செய்வது குறைவு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் வேறு வழியாக வருகிறது. அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பதும் தெரியும்.

முதல் வழி, நான் சொன்ன காற்றழுத்தம். ஒரு காது திறந்து மறு காது அடைத்திருந்தால் இரண்டு பக்கமும் அழுத்தம் வேறுபடுகிறது. பலமாக மூக்கைச் சிந்தும்போது திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றி நிற்பது இதனால் வரலாம். ஆகவே மூக்கை மெதுவாக, ஒரு துவாரத்தை மூடி மறு துவாரம் வழியாகச் சிந்துங்கள். ஆத்திரத்தில் இரண்டையும் சேர்த்துச் சிந்தாதீர்கள்.

இரண்டாவது வழி, சளிக்கிருமி உட்காதின் நரம்பையே தாக்குவது. இது அடிக்கடி வருவதில்லை, வந்தால் கடுமை. வீடே சுழலும். வாந்தி வரும். படுத்த இடத்திலிருந்து எழ முடியாது. சில நாள்கள் நீடிக்கும். அதோடு காதும் கேட்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. திடீரென்று ஒரு காது செவிடானால் அது அவசரம். சில நாள்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் கேள்வி திரும்ப வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வழி, சளிக்குச் சாப்பிடும் மருந்தே. நம் வீடுகளில் மஞ்சள் நிறச் சிறு மாத்திரை ஒன்று இருக்கும். தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் நிறுத்தும். அதோடு தூக்கத்தையும் கிறுகிறுப்பையும் கொடுக்கும். இரவு போட்டது விடியற்காலையிலும் உடம்பில் நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பால் வாளியோடு மண்சாலையில் இறங்காதீர்கள். மூக்கைத் திறக்கும் சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மூக்குக்குள் விடும் சொட்டு மருந்து உடனே சுகம் தரும். ஆனால் மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் விட்டால், விடாதபோதெல்லாம் மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கும்.

நான்காவது வழி மிகச் சாதாரணமானது. மூக்கடைத்தவன் வாயால் மூச்சுவிடுகிறான். தொண்டை வறளுகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. ருசி தெரியாததால் சோறு இறங்குவதில்லை. காய்ச்சலில் உடம்பின் நீர் வற்றுகிறது. விடியற்காலையில் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு மலையேறினால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? இது சுழலும் தலைச்சுற்று அல்ல. மயக்கம் வருவதுபோன்ற கிறுகிறுப்பு. தண்ணீர், கஞ்சி, ஓய்வு, இவையே இதற்கு மருந்து.

சளியின் பெயரில் வரும் வேறு நோய்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. மூக்கடைப்பு இருக்கும்போது வரும் தலைச்சுற்றெல்லாம் மூக்கால் வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. இரத்த அழுத்தம், இனிப்புநீர், இரத்தக்குறைவு, இதயக் கோளாறு ஆகியவையும் தலையைச் சுற்றவைக்கும். அழுத்தத்துக்கும் இனிப்புநீருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டாலும் கிறுகிறுக்கும்.

மேல்பட்டையில் மரம் சீவுகிறவர்கள் கவனியுங்கள். அண்ணாந்து பார்த்தவுடனும், படுக்கையில் புரண்டவுடனும் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், அது பெரும்பாலும் வேறு நோய். உட்காதில் சுண்ணாம்புத் துகள் போன்ற சிறு மணிகள் இருக்கின்றன. அவை இடம் பெயர்ந்து வளையக்குழலுக்குள் விழுந்துவிட்டால் இப்படிச் சுற்றும். அதற்கு மாத்திரையைவிட, டாக்டர் தலையை ஒரு முறையோடு திருப்பி அந்த மணிகளைப் பழைய இடத்தில் சேர்ப்பதே நல்ல சிகிச்சை. பலருக்கு ஓரிரு தடவையில் குணமாகிவிடும். ஆண்டுக்கணக்கில் சளி மருந்து சாப்பிட்டு வீணாக வேண்டியதில்லை.

மருந்தடிக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. களைக்கொல்லி அடித்த நாளில் மூக்கு எரிந்து, இரத்தம் கசிந்து, தலை சுற்றினால் "சளிதான்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ன மருந்து அடித்தீர்கள் என்ற விவரத்தோடு, முடிந்தால் அதன் லேபிளைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நம் நாட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தடைசெய்யப்பட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் பன்னீராகிவிடவில்லை. ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. அம்மோனியாவும் பாலை உறையவைக்கும் அமிலமும் புகைக்கூண்டின் புகையும் மூக்கை வீங்கவைக்கும். அங்கே காற்றோட்டமும் முகமூடியும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் ஒன்று தளர்ந்தால், பேச்சுக் குழறினால், பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிந்தால், என்றும் இல்லாத தலைவலியோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் மூக்கை மறந்துவிடுங்கள்! 999க்குப் போன் செய்யுங்கள். அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் உயிர்க்கணக்கு.

வீட்டில் செய்யக்கூடியவை

மூக்கடைப்புக்கு உப்புநீர் நல்லது. கொதிக்கவைத்து ஆறிய நீர் ஒரு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரையோ ஆற்றுத் தண்ணீரையோ கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக் கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். நோயை அது மாற்றாது. குழந்தைகளைச் சுடுநீர்ச் சட்டியருகே உட்காரவைத்து வெந்துபோன கதைகள் உண்டு, வேண்டாம். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பெருங்கேடு.

தாய்மார்களே, பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கையாகவும் இருக்கிறது. ஆகையால் அவர்களுக்குச் சீக்கிரம் காதில் நீர் கோத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூக்கொழுகும் பிள்ளை பள்ளியில் கவனிக்கவில்லை என்று வாத்தியார் சொன்னால், அடிப்பதற்கு முன் காது கேட்கிறதா என்று கிளினிக்கில் சோதித்துப் பாருங்கள். சொல்வது காதில் விழாத பிள்ளையை மக்கு என்று சொல்வது பாவம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி லீவு விஷயம். "தலைச்சுற்றுக்கு லீவு உண்டா?" என்று கேட்கிறார்கள். நோய்க்கு லீவு உண்டு. டாக்டர் சோதித்துச் சீட்டுக் கொடுத்தால் போதும். இன்ன நோய்க்குத்தான் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியிருந்தால் 60 நாள். 2023ஆம் ஆண்டு முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு. மற்ற விடுப்பிலிருந்து கழிப்பதில்லை. சோதிக்கும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரியப்படுத்தவேண்டும். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் வந்து நின்றால், அனுமதியில்லாமல் நின்றதாகக் கருத இடம் கொடுத்துவிடுகிறோம்.

உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பாழாக்கவும் கூடாது. நேற்று இரவு குடித்த போதையைத் 'தலைச்சுற்று' என்று பெரட்டில் சொல்பவர், நாளை உண்மையாகவே தலை சுற்றும் தோழருடைய வாக்கைக் கெடுக்கிறார். இதைச் சங்கக்காரனாகவே சொல்கிறேன்.

நான் கேட்டுக்கொள்வது

கிராணி நண்பர்களே, மண்டோர் நண்பர்களே! நாம் பெரட்டில் நிற்கும்போது மூன்று காரியம் செய்யவேண்டும். இதை இந்தக் கிளையின் தீர்மானமாகவே முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒருவர் தலை சுற்றுகிறது என்றால், "சுழலுகிறதா, மயக்கமா? காது கேட்கிறதா? என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கவேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டு: அவரை மேட்டு நிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுப்பக் கூடாது. துணைக்கு ஓர் ஆளோடு கிளினிக்குக்கு அனுப்பவேண்டும். டாக்டர் பார்க்கும்முன் செக்ரோலில் 'ஆப்சென்ட்' என்று எழுதக் கூடாது.

மூன்று: விபத்து நடந்தால், விழுந்தவர் அன்று காலை சொன்னது எதுவோ அதையும் தாளில் எழுதவேண்டும். பாசியை மட்டும் குற்றவாளியாக்கக் கூடாது.

தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கு ஒன்று. உடம்பு சொல்வதை மறைக்காதீர்கள். சிரிப்பார்கள் என்று பயந்து இருட்டில் மலையேறாதீர்கள். ஒரு நாள் கூலி போகும் என்ற கவலை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை எழுதுகிறவனே நான்தான். ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய் அந்த அண்ணன் பல மாத வேலையை இழந்தார். கை கூடிவிட்டது. ஆனால் பழையபடி கத்தி பிடிக்க வரவில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை சீவுவதில் பெயர் எடுத்த கை அது.

அவர் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, அன்று நீங்கள் சொன்னதை இன்றைக்குத்தான் எல்லார் முன்னிலும் எழுதிக்கொள்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும்.